‘நம்பர் சொல்லுங்க சார்’: உங்கள் விவரங்களை நீங்களே காத்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

தீபாவளிக்கு முந்தைய வாரம், துணிக்கடை பில் கவுண்டர். என் கையில் ஒரே ஒரு வேட்டி. பின்னால் நீண்ட வரிசை. “நம்பர் சொல்லுங்க சார்” என்றார் பில் போடும் பெண். எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. பத்து இலக்கத்தையும் ஒப்பித்தேன், பெயரையும் சேர்த்துச் சொன்னேன். பொங்கலுக்குள் மனை விற்பவர், தனிநபர் கடன் தருபவர், முடி உதிர்வுக்கு மருந்து தருபவர் என்று எல்லோரும் என்னைப் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தக் கடைதான் கொடுத்தது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. யார் கொடுத்தார்கள் என்று நம்மால் நிரூபிக்க முடியாது என்ற தைரியத்தில்தான் இந்த வியாபாரமே நடக்கிறது.

கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, ஆதார், பிள்ளையின் பள்ளி வாட்ஸ்அப் குழு என எல்லாமே நமக்கு ஒரே நம்பரில் தொங்குகின்றன. மருந்துக்கடைப் பட்டியலும் துணிக்கடைப் பட்டியலும் ஒருவர் கையில் கிடைத்தால், எந்தச் சர்க்கரை மாத்திரைக்காரர் எவ்வளவுக்குப் பட்டு எடுத்தார் என்று பார்க்க அந்த நம்பர் ஒன்றே போதும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்தப் பத்து இலக்கத்தையே சுற்றி வரும்.

சட்டம் வந்துவிட்டதே, அப்புறம் என்ன?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்னது. அதற்கான சட்டம், அதாவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 ஆகஸ்ட்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ‘250 கோடி ரூபாய் வரை அபராதம்’ என்று செய்திகளில் பெரிய எழுத்தில் போட்டார்கள். எனக்கு அந்தச் செய்தியைப் பார்த்து மகிழ்ச்சி வரவில்லை. காரணம், தேதிகள்.

நிறுவனங்கள் நம்மிடம் முறையாகச் சம்மதம் வாங்க வேண்டும், கேட்டால் அழிக்க வேண்டும், கசிந்தால் சொல்ல வேண்டும் என்ற பகுதிகளெல்லாம் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதத்தில்தான், நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்று சொல்லி அரசு அலுவலகம் பதிலை மறுப்பதைச் சுலபமாக்கியதே, அது மட்டும் உடனே அமலாகிவிட்டது. பொதுநலன் கருதித் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது என்பது உண்மைதான். இருந்தாலும் எதற்கு அவசரம், எதற்கு அவகாசம் என்று பாருங்கள். அரசிடம் நாம் கேட்பதற்குத் தடை உடனே. நிறுவனத்திடம் நாம் கேட்பதற்கு உரிமை ஒன்றரை வருடம் கழித்து.

இன்னொன்று. அந்த 250 கோடியில் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. அபராதம் அரசின் கஜானாவுக்குப் போகும். பொய்ப் புகாரோ அற்பப் புகாரோ கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

நல்ல அம்சமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சம்மதக் கோரிக்கையைத் தமிழ் உட்பட எட்டாவது அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பைத் தர வேண்டும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். இவை இரண்டும் உண்மையிலேயே நடந்தால் பெரிய விஷயம். அதுவரை இருக்கிற கருவிகளை வைத்து வேலை பார்ப்போம்.

முதல் படி: கவுண்டரில் வாயை மூடுவது

நம்பர் கொடுக்காவிட்டால் பில் போட முடியாது என்று எந்தக் கடையும் சொல்லக்கூடாது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே சில்லறை வணிகர்களுக்கு இதை அறிவுறுத்தியது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி பில் தர மறுப்பது நேர்மையற்ற வணிக முறை. நம்பி ஒப்படைத்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வேறொருவருக்குக் கொடுப்பதும் அதே சட்டத்தின் 2(47) பிரிவில் வருகிறது.

சட்டப் பிரிவைக் கவுண்டரில் ஓதாதீர்கள். அங்கே நிற்கும் பெண்ணுக்கு நம் நம்பரால் எந்த லாபமும் இல்லை. கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம் நிரம்பினால்தான் அடுத்த திரை வரும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “நம்பர் வேண்டாம்மா, பேப்பர் பில் போதும்” என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலும் அவரே ஏதோ ஒரு எண்ணைத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பிடிவாதம் பிடித்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பின்னால் இருப்பவர்கள் முறைப்பார்கள். முறைக்கட்டும்.

சிலர் வாய்க்கு வந்த நம்பரைச் சொல்லிவிட்டு வந்துவிடுவதாகப் பெருமையாகச் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். அந்த நம்பருக்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார், உங்களுக்கு வர வேண்டிய தொல்லை அவருக்குப் போகும்.

கொடுத்தே ஆக வேண்டிய இடங்கள் உண்டு: உத்தரவாத அட்டை, வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்க வேண்டிய பொருள், மருத்துவமனைப் பதிவு. அங்கே எனக்குக் கைகொடுக்கும் தந்திரம், இனிஷியலை மாற்றுவது. சோபா வாங்கிய கடையில் இனிஷியல் ‘எஸ்’, மிக்ஸி வாங்கிய கடையில் ‘டி’. பிறகு யாராவது “மிஸ்டர் டி...” என்று ஆரம்பித்தால் எங்கிருந்து போனது என்று தெரிந்துவிடும். ஜிமெயில் முகவரியிலும் இதைச் செய்யலாம். உங்கள் பெயருக்குப் பின்னால், @ குறிக்கு முன்னால், ஒரு + போட்டுக் கடையின் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் உங்களுக்கே வரும், யார் விற்றார்கள் என்ற முத்திரையோடு. ஆனால் இந்த விளையாட்டு கடைகளோடு நிற்கட்டும். வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பெயர் பெயராகவே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஜெராக்ஸ் கடையும் ஆதாரும்

உலகத்துத் தரவுக் கசிவையெல்லாம் பேசுகிறோம். தெருமுனை ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. “வாட்ஸ்அப்ல அனுப்புங்க, பிரிண்ட் எடுத்துடலாம்” என்பார் கடைக்காரர். அனுப்புகிறோம். அந்தக் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அந்தப் பகுதியின் பாதி வீடுகளின் ஆதார், பான், பத்திரம், பிள்ளைகளின் மார்க் ஷீட் எல்லாம் வரிசையாக இருக்கும். கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும் எல்லோரையும் அவருக்கே தெரியாது.

முதலில், முழு ஆதாரை அனுப்புவதை நிறுத்துங்கள். மைஆதார் தளத்தில் இறக்கும்போது ‘மாஸ்க்டு ஆதார்’ என்ற கட்டத்தை டிக் செய்தால் முதல் எட்டு இலக்கம் மறைந்து கடைசி நான்கு மட்டும் தெரியும் பிரதி கிடைக்கும். அந்தக் கோப்பின் கடவுச்சொல் உங்கள் பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். அதாவது உங்களை அறிந்த எவரும் ஒரே தடவையில் ஊகித்துவிடலாம். பூட்டு போட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டி வைத்த மாதிரி. அதனால் கடவுச்சொல் இருக்கிறதே என்று தைரியமாக அனுப்ப வேண்டாம்.

பிரிண்ட் எடுத்ததும் வாட்ஸ்அப்பில் ‘எல்லோருக்கும் நீக்கு’ கொடுத்தால் போதாது, அதற்குள் கம்ப்யூட்டரில் கோப்பு இறங்கியிருக்கும். “அண்ணா, டவுன்லோட்ஸ்ல இருந்தும் அழிச்சிடுங்க, ரீசைக்கிள் பின்லயும்” என்று நின்று பார்த்து வாருங்கள். ஜெராக்ஸ் பிரதியில் குறுக்கே, எழுத்தின் மேலேயே படும்படி, ‘இன்ன வேலைக்கு மட்டும்’ என்று தேதியோடு எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பழைய குமாஸ்தாக்களின் பழக்கம் இது, இன்றும் பயன்படுகிறது. லாட்ஜில் ஆதார்தான் வேண்டும் என்றால் ஓட்டுநர் உரிமத்தை நீட்டுங்கள். அடையாளம் கேட்பது அவர்கள் கடமை. ஆதார் கேட்பது பழக்கதோஷம்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஆதார் நகலைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மறைக்கப்பட்ட பிரதியைக் கொடுங்கள் என்று மிக நியாயமாக ஒரு அறிவிப்பு வெளியிட்டது. இரண்டே நாளில், மக்கள் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். மக்கள் சரியாகப் புரிந்துகொண்டார்கள் என்பதுதான் பிரச்சினையோ என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

கைரேகையைப் பூட்டுவதும் மைஆதாரிலேயே இருக்கிறது, இலவசம். நகல் கைரேகையை வைத்து ஆதார் வழியே வங்கிப் பணத்தை உருவும் மோசடிக்கு இது நல்ல தடுப்பு. ஒரு எச்சரிக்கை: பூட்டியிருந்தால் ரேஷன் கடை இயந்திரத்திலும் கைரேகை ஏற்காது. மாதம் ஒருமுறை தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் ரேஷன் வாங்குவது அம்மாவென்றால் அவரிடம் சொல்லாமல் அவருடையதைப் பூட்டிவிடாதீர்கள். நான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

மூன்றாம் படி: போனோடு அரை மணி நேரம்

ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், பிரைவசி, பெர்மிஷன் மேனேஜர். அதில் ‘கான்டாக்ட்ஸ்’ என்பதைத் திறங்கள். டார்ச் செயலிக்கும் நாட்காட்டிச் செயலிக்கும் உங்கள் மாமியார் நம்பர் எதற்கு? எடுத்துவிடுங்கள். அடுத்து இருப்பிடம், மைக். பிறகு கூகுள் செட்டிங்ஸில் ஆட்ஸ் பகுதிக்குப் போய் அட்வர்டைசிங் ஐடியை டெலீட் செய்யுங்கள். வெவ்வேறு செயலிகள் நீங்கள் ஒரே ஆள் என்று அடையாளம் காண்பது அந்த ஐடியை வைத்துத்தான். ஐபோனில் டிராக்கிங் பகுதியில் செயலிகள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடலாம்.

யுபிஐயில் பலரும் கவனிக்காத ஒன்று: உங்கள் யுபிஐ ஐடி போன் நம்பராகவே இருந்தால், டீக்கடையில் 15 ரூபாய் அனுப்பும்போதும் நம்பர் போகிறது. பெரும்பாலான செயலிகளில் வேறு ஐடி உருவாக்கிக்கொள்ளலாம். பெண்கள் பலர் ஆட்டோவுக்குப் பணம் அனுப்பிய பிறகு வரும் ‘ஹாய்’ தொல்லையைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு முதல் வேலை இதுதான்.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலியை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் உங்கள் பெயர் அங்கே இருக்கும், யாரோ ஒருவர் தன் தொடர்புப் பட்டியலைக் கொடுத்திருப்பார். அவர்கள் தளத்திலேயே நம்பரை நீக்கக் கோரும் பக்கம் இருக்கிறது.

நான்காம் படி: தொல்லை அழைப்புகள்

1909 என்ற எண்ணுக்கு அழைத்து அல்லது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் டிஎன்டி (தொந்தரவு செய்யாதே) செயலி வழியே எல்லா விளம்பரங்களையும் நிறுத்தச் சொல்லுங்கள். மீறி வந்தால் ஏழு நாளுக்குள் அதே வழியில் புகார். 2025 பிப்ரவரிக்கு முன் மூன்று நாள்தான் அவகாசம் இருந்தது. பதிவு செய்யாத சாதாரண பத்து இலக்க எண்ணிலிருந்து தொல்லை செய்பவர் மீது பத்து நாளில் ஐந்து புகார் சேர்ந்தாலே நடவடிக்கை எடுக்க முடியும். அதனால் பிளாக் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். பிளாக் உங்களை மட்டும் காக்கும், புகார் அந்த எண்ணையே முடக்க உதவும்.

குறுஞ்செய்தி அனுப்புநர் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள்: பி என்றால் விளம்பரம், எஸ் சேவை, டி பணப் பரிவர்த்தனை, ஜி அரசு. அழைப்பில் 140 என்று தொடங்கினால் விளம்பரம். வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் 1600 வரிசை. ‘பேங்க்ல இருந்து பேசுறேன்’ என்று சாதாரண மொபைல் எண்ணிலிருந்து வந்தால் பேச்சை வளர்க்காதீர்கள்.

மோசடி அழைப்பென்றால் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்யுங்கள். அதே தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்றும் பார்க்கலாம். தெரியாத எண் இருந்தால் அங்கேயே ‘இது என்னுடையதல்ல’ என்று குறிக்கலாம். உண்மையிலேயே உருப்படியான சேவை. இந்த நல்ல பெயரைத்தான் 2025 நவம்பர் கடைசியில் கெடுத்துக்கொண்டார்கள்: புதுப் போன்கள் எல்லாவற்றிலும் இந்தச் செயலி இருந்தே தீர வேண்டும் என்று உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று பின்வாங்கினார்கள். நானாகத் தேடிப் போய்ப் பயன்படுத்தும் தளம் எனக்கு உதவி. கேட்காமல் என் போனுக்குள் வந்து உட்காரும் அதே செயலி எனக்குச் சந்தேகம். நான் தளத்தையே பயன்படுத்துகிறேன்.

ஐந்தாம் படி: எழுத்தில் கேட்பது

நம் ஆட்கள் சறுக்கும் இடம் இதுதான். கடையில் சத்தம் போடுவோம், குடும்பக் குழுவில் எச்சரிக்கை பகிர்வோம், நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுத மாட்டோம். ஆனால் நுகர்வோர் ஆணையம் முதலில் கேட்பது அந்த மின்னஞ்சலைத்தான்.

நிறுவனத்தின் இணையதளத்தில் அடிப்பகுதியில், பிரைவசி பாலிசிக்குள், குறைதீர்ப்பு அலுவலரின் முகவரி இருக்கும். 2011-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். மருத்துவ விவரம், வங்கி விவரம், கைரேகை போன்றவற்றுக்கு இந்த விதிகள் பலமானவை. வெறும் போன் நம்பருக்கு அவ்வளவு பலம் இல்லை. இருந்தாலும் எழுதுங்கள். இப்படி எழுதினால் போதும்:

‘இன்ன தேதியில், இன்ன எண் கொண்ட பில்லுக்காக, என் பெயரையும் கைபேசி எண்ணையும் கொடுத்தேன். அதன்பின் இன்ன எண்களிலிருந்து இன்ன தேதிகளில் விளம்பர அழைப்புகள் வந்தன. என்னைப் பற்றி உங்களிடம் உள்ள விவரங்கள் எவை, அவற்றை யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும். அவற்றைப் பயன்படுத்த நான் தந்த சம்மதத்தை இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பில் தவிர மற்றவற்றை அழித்து, அழித்ததை உறுதிப்படுத்தவும். 30 நாளில் பதில் எதிர்பார்க்கிறேன்.’

கோபம் வேண்டாம், பெரிய எழுத்துகள் வேண்டாம். தேதி, எண், கோரிக்கை. அவ்வளவுதான். சென்ற வருடம் ஒரு மருந்துக்கடைக்கு இப்படி அனுப்பினேன். பதிலே வரவில்லை, ஆனால் அந்த மாதத்தோடு அவர்களின் குறுஞ்செய்திகள் நின்றன. அதை வெற்றி என்றே எடுத்துக்கொண்டேன்.

பதில் இல்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழில் பேசலாம். நீங்கள் சேர்க்காத காப்பீடோ நன்கொடையோ கூடையில் தானாக ஏறியிருந்தாலும், சந்தாவை ரத்து செய்யும் பொத்தானை ஒளித்து வைத்திருந்தாலும் இங்கேயே சொல்லலாம். இவற்றையும் சேர்த்து 13 தில்லுமுல்லு வடிவமைப்புகளை 2023 நவம்பர் 30 அன்று வந்த வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன. அங்கும் தீராவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை.

கசிவு பெரிதாக இருந்து நஷ்டமும் ஏற்பட்டிருந்தால் வேறு வழியும் இருக்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, டெலிகிராம் சாட்பாட்டில் கிடைப்பதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது நினைவிருக்கலாம். 3 கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம் கையில் இருப்பதாகத் திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, டெலிகிராமுக்கு எதிராக. இப்படிப்பட்ட சூழலில் வாடிக்கையாளருக்கு இருக்கும் வழி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. நிறுவனத்தின் அலட்சியத்தால் நஷ்டம் அடைந்தவர், மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்டு மனுப் போடலாம். புதுச் சட்டம் முழுதாக அமலாகும் 2027 மே மாதத்தில் இந்த 43ஏ நீக்கப்படுகிறது. நமக்கு நேரடியாக இழப்பீடு தந்த கதவை மூடிவிட்டு, அரசுக்கு அபராதம் போகும் கதவைத் திறக்கிறார்கள். ஆகவே மனுப் போடக் காரணம் இருந்தால் தள்ளிப் போடாதீர்கள்.

ஆறாம் படி: பணம் போய்விட்டால், மிரட்டல் வந்தால்

பணம் போனால் முதல் அழைப்பு 1930, சைபர் குற்ற உதவி எண். மகனுக்கோ, வங்கி மேலாளருக்கோ அதன்பிறகு. திருடனின் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வேண்டும், அது நிமிடக் கணக்கு. அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கையின்படி, உங்கள் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாவது ஆளால் நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பே இல்லை. ஏழு வேலை நாள் வரை என்றால் ஓரளவு பொறுப்பு. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை ஏற்பட்ட நஷ்டம் உங்களுடையது.

கடன் செயலி உங்கள் தொடர்புப் பட்டியலை எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிறதா? 2022 செப்டம்பரிலிருந்தே ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் செயலிகள் தொடர்புகளையும் படங்களையும் தொடக்கூடாது. முறையான வங்கியின் செயலியா என்று ரிசர்வ் வங்கித் தளத்தில் உள்ள பட்டியலில் தேடுங்கள். இருந்தால் அந்த வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்; 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம். இல்லாவிட்டால் 1930-உம் காவல் நிலையமும். பயந்து மேலும் பணம் கட்டாதீர்கள், கட்டினால் மிரட்டல் கூடும். செயலியை அழிக்கும் முன் திரைப் பதிவுகளை எடுத்து வையுங்கள். அழித்தபிறகு ஆதாரமும் போய்விடும். உறவினர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு “என் பெயரில் இப்படி ஒரு செய்தி வரும், திறக்காதீர்கள்” என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு செய்தியை அனுப்பியதும் மிரட்டுபவனின் பெரிய ஆயுதம் மழுங்கிவிடும்.

இந்தப் புகார்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் தருவார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தேதியோடு அதில் எழுதி வையுங்கள். நுகர்வோர் வழக்குக்குக் காலக்கெடு இரண்டு வருடம். போன் தொலைந்தாலும் நோட்டு அலமாரியில் இருக்கும்.